கேட்கத் தெரிந்த வானொலி

சென்ற ஆண்டு கிறிஸ்து பிறப்பு விழா முடிந்த மூன்றாம் நாள் மாலை, மடத்துக்குளத்தில் நம் பங்கைச் சேர்ந்த ஒரு குடும்பத்தைச் சந்திக்கச் சென்றிருந்தோம். குடும்பத் தலைவி நூற்பாலை ஒன்றில் பணி செய்பவர். வாரத்திற்கு வாரம் அவருடைய வேலை நேரம் மாறும். மகள் வெளியூர்க் கல்லூரி ஒன்றில் இரண்டாம் ஆண்டு மாணவி. விடுமுறைக்கு வீடு வந்திருந்தாள். ஆசீர் அளித்து அமர்ந்ததும் தாய் பெருமையோடு ஒரு செய்தி சொன்னார்: "எம் புள்ள ரேடியோவில எல்லாம் பேசறாளுங்க சாமி. ஆனா நமக்குத்தானுங்க கேக்க மாட்டேங்குது. கொடைக்கானல் ரேடியோ தெளிவா கேக்குது. இவ பேசறது மட்டும் ஏனுங்க வரமாட்டேங்குது?"

மகளின் முகத்தில் அப்பெருமை இல்லை. "அம்மா, அங்க காலேஜுக்குப் பக்கத்துலயே யாரும் கேக்கறதில்ல. நீ இங்க கேக்கலைன்னு கவலப்படற" என்றாள். பிறகு நம் பக்கம் திரும்பி, "ஃபாதர், அடுத்த வருசம் எங்க ரேடியோவ மூடிரலாம்னு பேசிக்கறாங்க" என்று மெல்லக் கூறினாள்.

தாயின் கேள்வி ஒன்று. மகளின் கவலை மற்றொன்று. கல்லூரி வானொலியின் குரல் ஏன் மடத்துக்குளம் வரை எட்டுவதில்லை? எட்டும் தொலைவில் இருப்போரும் ஏன் அதனைக் கேட்பதில்லை? முதற் கேள்விக்கு விடை கூறுவது எளிது. இரண்டாவதற்கு விடை தேடி நாம் சில திங்கள் அலைய நேர்ந்தது. நம் குடும்பங்களின் பிள்ளைகள் பலர் இன்று கல்லூரிகளில் பயில்கின்றனர். அவர்களுள் சிலரேனும் இத்தகைய நிலையங்களில் பணி செய்கின்றனர். ஆதலின் இவ்விரு விடைகளையும் வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வது நலம் எனக் கருதுகின்றோம்.

சிறிய குரலின் காரணம்

கல்லூரிகள் நடத்தும் நிலையங்களுக்கு அரசு வழங்கியுள்ள பெயர் சமுதாய வானொலி என்பதாகும். அதன் அலைக்கம்பத்தினின்று வெளிப்படும் ஆற்றல் பொதுவாக 100 வாட்டுக்கு மேற்படக் கூடாது. கம்பத்தின் உயரம் 30 மீட்டருக்கு மேற்படக் கூடாது என்பது விதி. நூறு வாட் என்பது நம் வீடுகளில் முன்பு எரிந்த குண்டு பல்பு ஒன்றின் அளவு. அன்றியும், பண்பலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்லும் இயல்புடையது. இடையே மேடு வந்தால் தடைப்படும். பூமியின் வளைவு வந்தால் தலைக்கு மேலே போய்விடும். ஆகவே இத்தகைய நிலையத்தின் குரல் பத்துக் கிலோமீட்டர் சுற்றளவில் நன்கு கேட்டாலே நிறைவு கொள்ள வேண்டும். கொடைக்கானல் வானொலியோ மலைமீது நிற்பது. அதன் ஆற்றலும் பன்மடங்கு. அது அமராவதிக் கரை வரை இறங்கி வருவதில் வியப்பில்லை.

நம் கொங்கு நாட்டிலேயே கோவை பூ.சா.கோ. தொழில்நுட்பக் கல்லூரியும் பெருந்துறை கொங்கு பொறியியற் கல்லூரியும் சமுதாய வானொலி நடத்தி வந்துள்ளன. கோவைப் பீளமேடு மடத்துக்குளத்திற்கு அறுபது கிலோமீட்டருக்கு அப்பால் உள்ளது. அங்கே எழும் சிறுகுரல் இங்கே கேளாது.

இச்சிறுமையை ஒரு குறை என்று பலர் எண்ணுகின்றனர். நாமும் முதலில் அவ்வாறே எண்ணினோம். ஆனால் விதியை வகுத்தோர் வேண்டுமென்றே இதனைச் சிறிதாக்கினர். பத்துக் கிலோமீட்டருக்குள் வாழும் மக்களின் தண்ணீர், வேலை, பிணி, பள்ளி, பயிர் ஆகியவற்றைப் பேசுவதற்கென்றே ஒரு வானொலி வேண்டும் என்பது அவர்கள் நோக்கம். நாடு முழுவதற்கும் பேசுகின்ற நிலையம், ஒரு தெருவின் குழாயில் நாளை தண்ணீர் வருமா என்று சொல்ல இயலாதன்றோ?

இவ்வுரிமை வந்த வழி

இந்தியாவில் வானொலி ஒலிபரப்பு நெடுங்காலம் அரசின் கையிலேயே இருந்தது. 1924ஆம் ஆண்டில் சென்னையில் ஆர்வலர்கள் சிலர் கூடி வானொலிக் கழகம் ஒன்றை அமைத்து ஒலிபரப்பியதுண்டு. பணமின்மையால் அம்முயற்சி நின்றது. பின்னர் 1930இல் மாநகராட்சி அதனை ஏற்று நடத்தியது. 1938இல் சென்னையிலும் 1939இல் திருச்சியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் எழுந்தன. இந்நிலையங்கள் ஆற்றிய நற்பணி சிறிதன்று. 1960களில் தஞ்சை உழவர்கள் ஆடுதுறை 27 என்னும் நெல்லினத்தைப் பற்றித் திருச்சி வானொலி வாயிலாக அறிந்து பயிரிட்டமையால், அந்நெல்லுக்கு 'ரேடியோ நெல்' என்றே பெயர் வழங்கலாயிற்று.

1995ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் உச்ச நீதிமன்றம், வானலைகள் பொதுமக்களின் சொத்து எனத் தீர்ப்பளித்தது. அதன் பின்னரும் ஏழு ஆண்டுகளுக்கு மேல் காத்திருக்க வேண்டியதாயிற்று. 2002 டிசம்பரில், நிலைபெற்ற கல்வி நிறுவனங்கள் சிறு வானொலி நிலையங்கள் நடத்தலாம் என நடுவண் அரசு இசைந்தது. அவ்விசைவின்படி 2004 பிப்ரவரி 1ஆம் நாள் சென்னை அண்ணா பல்கலைக்கழகத்தில் 90.4 மெகாஹெர்ட்ஸ் அலைவரிசையில் இந்தியாவின் முதல் கல்வி வளாகச் சமுதாய வானொலி பேசத் தொடங்கியது. அதனைத் தோற்றுவித்து வளர்த்ததில் முனைவர் ஆர். ஸ்ரீதர் அவர்களின் பங்கு பெரிது. 2006 நவம்பரில் தொண்டு நிறுவனங்களுக்கும் வேளாண் அறிவியல் நிலையங்களுக்கும் இவ்வுரிமை விரிக்கப்பட்டது. அதே ஆண்டில் திருச்சிராப்பள்ளியில் அருட்சகோதரியர் நடத்தும் ஹோலி கிராஸ் கல்லூரியும் தன் சமுதாய வானொலியைத் தொடங்கியது. சென்னையில் இலயோலா கல்லூரியும் எம்.ஓ.பி. வைணவ மகளிர் கல்லூரியும் இப்பணியில் இறங்கின. 2024 பிப்ரவரியில், இருபது ஆண்டு நிறைவையொட்டித் தென்னிந்தியச் சமுதாய வானொலிகளின் மாநாடு அதே அண்ணா பல்கலைக்கழகத்தில் கூடியது. அன்று நாடெங்கும் இயங்கிய நிலையங்கள் ஏறத்தாழ ஐந்நூறு.

ஆக, சட்டம் கதவைத் திறந்துவிட்டது. திறந்த கதவின் வழியே உள்ளே வருவது யார் என்பதே நாம் கேட்க வேண்டியது.

அங்கே நாம் கண்டவை

ஜனவரியில் அம்மாணவியின் கல்லூரிக்குச் செல்லும் வாய்ப்பு நமக்குக் கிட்டியது. கல்லூரியின் பெயர் ஈண்டு வேண்டா. இரண்டாம் மாடியில் ஒலி எதிரொலிக்காவண்ணம் சுவர்களுக்கு உறை போர்த்திய நல்ல அறை, இரண்டு ஒலிவாங்கிகள், நிகழ்ச்சிகளைச் செப்பனிடும் கணினி, மொட்டை மாடியில் அலைக்கம்பம். குறை கூற ஒன்றுமில்லை.

சுவரில் நிகழ்ச்சி நிரல் ஒட்டப்பட்டிருந்தது. காலை பத்து மணிக்குத் தொடங்கி மாலை ஐந்துக்கு முடியும்; அதாவது கல்லூரி நேரம். 'உழைப்பாளர் நேரம்' என்றொரு நிகழ்ச்சி முற்பகல் பதினொரு மணிக்கு. உழைப்பாளர் அந்நேரத்தில் எங்கே இருப்பர் என்று வினவினோம். மாணவர் ஒருவர் சற்றே சிரித்து, "வேலையிலதான் ஃபாதர் இருப்பாங்க" என்றார். எஞ்சிய நேரத்தில் பெரும்பகுதி திரைப்பாடல். திரைப்பாடல் கேட்க விரும்புவோர்க்குப் பெரிய நிலையங்கள் பல உள; கைபேசியும் உளது. அவர்கள் இங்கே வரவேண்டிய தேவை என்ன?

கல்லூரி மதிலுக்குப் பின்னால் ஒரு தெரு. ஏறத்தாழ எல்லா வீடுகளிலும் பெண்கள் பின்னலாடை வேலை செய்பவர்கள். சிலர் நிறுவனங்களுக்குச் செல்வர். சிலர் வீட்டிலேயே பிசிறு வெட்டுவர், காஜா போட்டுப் பட்டன் தைப்பர். தேநீர்க் கடையில் அமர்ந்து வானொலியைப் பற்றிக் கேட்டோம். கடைக்காரர் வியப்போடு, "காலேஜுக்குள்ள ரேடியோ இருக்குதுங்களா?" என்றார். அக்கடைக்கும் அலைக்கம்பத்திற்கும் இடையே உள்ள தொலைவு இருநூறு அடி இருக்கும்.

கல்லூரி முதல்வரைச் சந்தித்தோம். அவர் கடுமையானவர் அல்லர், கணக்கறிந்தவர். "ஃபாதர், ஒலிபரப்புக் கருவி பழுதானால் செலவு; மின்கலம் மாற்றச் செலவு; ஊழியர் ஊதியம் செலவு. பயன் இருந்தால் செய்யலாம். யார் கேட்கின்றார்கள் என்று இவர்களால் சொல்ல முடியவில்லையே" என்றார். அவர் சொல்லியதில் பிழை காண நம்மால் இயலவில்லை. மாணவர் வேண்டுகோளுக்கு இணங்கி, ஏப்ரல் இறுதி வரை பார்ப்பது என அவர் முடிவு செய்தார்.

நாம் செய்த தவறு

ஈண்டு நம் தவறு ஒன்றையும் மறையாது கூறிவிடுகின்றோம். மாணவர்கள் நம்மிடம் ஒரு நிகழ்ச்சி கேட்டனர். குடும்பச் சிக்கனம் பற்றி இருபது நிமிட உரை ஒன்றைப் பதிவு செய்து கொடுத்தோம். ஒலிபரப்பாகும் வேளையில் அத்தெருவில் ஒரு வீட்டில் அமர்ந்து கேட்டோம். அவ்வீட்டு அம்மையார் முதல் நான்கு நிமிடம் மரியாதையாகக் கேட்டார். பிறகு அடுப்பைத் தணித்தார். பிறகு குடத்தை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார். தண்ணீர் வந்துவிட்டதோ என்று பார்க்கப் போனாராம். நம் உரை யாருமில்லா அறையில் தொடர்ந்து ஒலித்துக்கொண்டிருந்தது. முப்பது ஆண்டுகளாகப் பிரசங்கம் செய்து வரும் நமக்கு அது நல்லதொரு தியானமாக அமைந்தது.

திரும்பி வந்த அம்மையாரிடம், "தண்ணீர் எந்நேரம் வரும்?" என்று கேட்டோம். "அதாங்க சாமி தெரியாது. எட்டு நாளைக்கு ஒருக்கா வருமுங்க. ராத்திரியும் வரும், விடியக்காலையும் வரும். வேலைக்குப் போனா தண்ணி போச்சு, தண்ணிக்கு நின்னா கூலி போச்சுங்க" என்றார். இருபது நிமிடம் சிக்கனம் பேசிய நாம், அவ்வீட்டில் உண்மையாகவே விரயமாவது எது என்பதை அப்போதுதான் அறிந்தோம்.

ஒரு பங்குக் குருவின் வானொலி

அன்றிரவு நம் நினைவுக்கு வந்தவர் கொலம்பியா நாட்டுக் குரு ஹோசே ஹோவாகின் சால்சேதோ. 1947ஆம் ஆண்டில் சுத்தத்தென்சா என்னும் மலைச் சிற்றூருக்கு இளம் உதவிப் பங்குக் குருவாக அவர் அனுப்பப்பட்டார். மக்கள் ஏழை உழவர், எழுத்தறியாதோர் பலர், வீடுகள் மலைச்சரிவெங்கும் சிதறிக் கிடந்தன. ஊருக்கு ஒரு கலையரங்கு கட்ட அவர் முயன்றபோது மக்கள் கோழிகளைக் காணிக்கையாகக் கொண்டு வந்தனர் என்பர். அவரோ ஒரு சிறு ஒலிபரப்புக் கருவியை அமைத்து, அவ்வீடுகளுக்கு எழுத்தும் கணக்கும் உடல்நலமும் உழவும் கற்பிக்கத் தொடங்கினார். வானொலிப் பள்ளி என்று அது உலகெங்கும் புகழ் பெற்றது.

அவருடைய வெற்றிக்குக் காரணம் கருவி அன்று. ஒவ்வொரு சிற்றூரிலும் வானொலிப் பெட்டியின் அருகே எழுத்தறிந்த உதவியாளர் ஒருவரை அமர்த்தினார். வானொலி சொன்னதைக் கரும்பலகையில் காட்டுவதும், புரியாததைக் கேட்டறிவதும், அதனை நிலையத்திற்குத் தெரிவிப்பதும் அவர் கடமை. கேட்போர் எழுதும் கடிதங்களுக்கு மறுமொழி எழுதுவதற்கெனத் தனிப்பிரிவு இருந்தது. பல்லாண்டுகளில் அப்பிரிவு விடையெழுதிய கடிதங்கள் பத்து இலட்சத்திற்கும் மேல். பேசுவதற்கு ஒதுக்கிய உழைப்புக்குக் குறையாமல் கேட்பதற்கும் அவர்கள் உழைத்தனர்.

நம் தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் பலவற்றிற்கு மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ் தமிழ்ப்பணி நினைவிருக்கும். 2018இல் அதன் சிற்றலை ஒலிபரப்பு நின்று, இணையவழிப் பணியாயிற்று. நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில், கடல் கடந்து வந்த அந்நிலையத்திற்கு ஊர்தோறும் நேயர் மன்றங்கள் இருந்ததையும், தங்கள் கடிதம் படிக்கப்படுமா என்று மக்கள் காதைத் தீட்டிக்கொண்டு காத்திருந்ததையும் கண்டிருக்கின்றோம். ஆயிரம் கல் தொலைவிலிருந்து வந்த குரலை நம் மக்கள் தம்முடையது என்று எண்ணினர். இருநூறு அடியிலிருந்து வந்த குரலோ அத்தெருவுக்கு அந்நியமாக இருந்தது.

மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2022ஆம் ஆண்டின் உலகச் சமூகத் தொடர்பு நாளுக்கு 'இதயத்தின் செவியால் கேட்டல்' என்பதையே பொருளாகத் தேர்ந்தார். நம் வள்ளுவரும் கேள்விக்கென ஓர் அதிகாரம் வகுத்தார். பேச்சுக்கு முன் கேள்வி என்பது நம் மண்ணுக்குப் புதிய பாடம் அன்று.

மதிலுக்கு அப்பால்

மாணவர்கள் பத்துப் பேர் இருவர் இருவராக அத்தெருவின் வீடுகளுக்குச் சென்றனர். நிகழ்ச்சி எப்படி இருக்கிறது என்று கேட்க வேண்டா. இரண்டு வினாக்கள் மட்டும் கேளுங்கள் என்று பேராசிரியை ஒருவர் அறிவுறுத்தினார்: எந்த நேரத்தில் காதுக்கு ஓய்வு உண்டு? எதைத் தெரிந்துகொள்ள அலைகிறீர்கள்?

விடைகள் ஏறத்தாழ ஒன்றுபோல் இருந்தன. காலை ஆறரை முதல் எட்டு வரை சமையல் நேரம். இரவு ஏழு முதல் ஒன்பது வரை மறுபடியும் சமையல், பிசிறு வேலை. அறிய விரும்பியவை: தண்ணீர் வரும் நேரம், ஈ.எஸ்.ஐ. மருந்தகத்தில் எதற்கு எங்கே நிற்பது, வேலையை விட்டபின் வைப்பு நிதியைப் பெறும் வழி, பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கை நாள்கள். உலகச் செய்தியை ஒருவரும் கேட்கவில்லை.

சமுதாய வானொலி தானாகச் செய்தி தயாரித்து வழங்கக் கூடாது. அகில இந்திய வானொலியின் செய்தியை மாற்றமின்றி அஞ்சல் செய்யலாம். ஆனால் குடிநீர், மின்வெட்டு, போக்குவரத்து, வானிலை, தேர்வு, வேலைவாய்ப்பு போன்ற உள்ளூர் அறிவிப்புகளுக்குத் தடையில்லை. எனவே மாணவர் இருவர் குடிநீர் திறந்துவிடும் ஊழியரைக் கண்டு பேசினர். மறுநாள் எத்தெருவுக்குத் தண்ணீர் என்று அவர் முதல்நாள் மாலையில் கைபேசியில் தெரிவிக்க இசைந்தார். அவ்வறிவிப்பு காலையில் ஒருமுறையும் இரவில் ஒருமுறையும் ஒலிபரப்பானது. இரண்டு வாரத்தில் தேநீர்க் கடையில் அந்நிலையம் ஒலிக்கக் கேட்டோம்.

நேரத்தை மாற்றுவது எளிதாக இருக்கவில்லை. வெளியூரிலிருந்து பேருந்தில் வரும் மாணவர் ஆறரை மணிக்கு எங்ஙனம் வருவர்? இரவில் மாணவியர் தங்குவது தகுமா? காலை நிகழ்ச்சியை விடுதி மாணவர்கள் முறைவைத்து ஏற்றனர். இரவு நிகழ்ச்சிகள் யாவும் பிற்பகலிலேயே பதிவாகிக் கணினியில் வரிசைப்படுத்தப்பட்டன. அதனைக் கண்காணிக்க ஊழியர் ஒருவர் போதும். அன்றைய தண்ணீர் அறிவிப்பு ஒன்றை மட்டும் மாலையில் புதிதாகச் சேர்ப்பர்.

அடுத்து, அத்தெருப் பெண்கள் இருவர் பதிவு செய்யக் கற்றனர். நிகழ்ச்சிகளில் பாதியேனும் உள்ளூர் மக்களின் பங்கேற்போடு உருவாக வேண்டும், உள்ளூர் வழக்கு மொழியில் அமைவது விரும்பத்தக்கது என்பது அரசு விதியே. ஆயினும் முதல் நாள் மாணவர் ஒருவர் அப்பெண்ணின் உச்சரிப்பைத் திருத்தத் தொடங்கினார். அவ்வம்மையாரின் குரல் அடங்கிவிட்டது. "நா அப்படிப் பேசுனா எங்க தெருவுல சிரிப்பாங்க கண்ணு" என்றார் அவர். அதன் பின் எவரும் எவரையும் திருத்தவில்லை.

வீட்டில் பதிவு செய்த குரல்களில் தையல் எந்திரத்தின் இரைச்சலும் சுவரின் எதிரொலியும் கலந்து வந்தன. கருவி வாங்கப் பணமில்லை. அப்பெண்களே வழி கண்டனர். பனியன் துணி மூட்டைகள் அடுக்கிய அறையின் நடுவே அமர்ந்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, கைபேசியை வாயினின்று ஒரு சாண் தொலைவில் பிடித்துப் பேசினர். துணி மூட்டைகள் எதிரொலியை உறிஞ்சிவிட்டன. கல்லூரியின் உறை போர்த்திய அறையில் பதிவானதற்கும் இதற்கும் வேறுபாடு காண்பது அரிதாயிற்று.

நிலைநிற்க வேண்டுவன

கல்லூரி வானொலிக்கு இயல்பாகவே ஒரு நோய் உண்டு. ஆண்டுதோறும் மே மாதத்தில் பயிற்சி பெற்ற கைகள் பட்டம் பெற்றுச் சென்றுவிடும். தேர்வு வந்தால் நிகழ்ச்சி குறையும். விடுமுறை வந்தால் நிலையம் ஊமையாகும். கேட்பவருக்கோ தேர்வும் இல்லை, விடுமுறையும் இல்லை. இரண்டு வாரம் மௌனமான நிலையத்தை அவர் மீண்டும் தேடி வரமாட்டார். இதற்கு மருந்தாக அங்கே செய்யப்பட்டவை மூன்று. மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாண்டு மாணவர் ஒருவரைத் தம்முடன் சேர்த்துக்கொள்ள வேண்டும். செய்யும் பணி அனைத்தையும் ஒரு குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். எந்தப் பொத்தான் எதற்கு என்பது முதல் தண்ணீர் ஊழியரை எந்நேரம் அழைப்பது என்பது வரை. விடுமுறைக்கென இருபது மணி நேர நிகழ்ச்சிகளை முன்னரே சேமித்துவைக்க வேண்டும். இவற்றினும் உறுதியான மருந்து அத்தெருப் பெண்கள். அவர்கள் பட்டம் பெற்று ஊர் மாறிச் செல்வதில்லை.

பணத்தைப் பற்றியும் கூற வேண்டும். 2024ஆம் ஆண்டின் திருத்தப்படி, சமுதாய வானொலி ஒரு மணி நேரத்தில் 12 நிமிடம் வரை விளம்பரம் ஒலிபரப்பலாம். முன்பு 7 நிமிடம். பத்து நொடிக்கான கட்டணம் 52 ரூபாயிலிருந்து 74 ரூபாயாக உயர்த்தப்பட்டது. பன்னிரண்டு நிமிடமும் நிரம்பினால் மணிக்கு 5,328 ரூபாய் கிடைக்கும். ஆனால் அங்ஙனம் நிரம்புவது அரிது. அருகிலுள்ள மளிகைக் கடையும் மருந்துக் கடையும் தரும் சிறு விளம்பரங்கள் மின்கட்டணத்திற்கு உதவும். முழுச் செலவையும் தாங்கா. எனவே கல்லூரியின் மனமுவந்த ஆதரவு இன்றியமையாதது. யாரேனும் கேட்கின்றனர் என்று காட்டினால்தான் அவ்வாதரவும் நிலைக்கும்.

அதே திருத்தத்தின்படி, நிலையத்தின் ஆலோசனைக் குழுவில் குறைந்தது பாதிப்பேர் பெண்களாக இருத்தல் வேண்டும். அக்கல்லூரியில் அவ்விடங்களுள் இரண்டு தெருப் பெண்களுக்கு அளிக்கப்பட்டன. ஒலிபரப்பான நிகழ்ச்சிகளை மூன்று மாதம் பாதுகாத்து வைக்க வேண்டும் என்பதும் விதி. பலர் இதனைச் சுமையாகக் கருதுவர். மாணவர்களோ வாரம் ஒருமுறை அச்சேமிப்பிலிருந்து ஒரு மணி நேரத்தை எடுத்து, அத்தெருவில் அமர்ந்து, அம்மக்களோடு சேர்ந்து கேட்கத் தொடங்கினர். எங்கே அவர்கள் பேச்சைத் தொடங்குகின்றனர், எங்கே எழுந்து செல்கின்றனர் என்று குறித்துக்கொண்டனர். இதனைவிடச் சிறந்த ஆசிரியர் அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

சமயம் பற்றி ஒரு சொல். நம் கல்லூரி நடத்தும் வானொலியாயினும் அது நம் பீடம் அன்று. பிற சமயத்தார் மனம் புண்படா வண்ணம் நடத்தல் விதி மட்டுமன்று, பண்பும் ஆகும். எல்லாச் சமயத்தாரும் வாழும் தெருவுக்குத் தண்ணீர் வரும் நேரத்தைப் பொய்யின்றிச் சொல்வதும் ஓர் அறப்பணியே.

மூன்று நாள் மௌனம்

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் கோடை மழையோடு பேரிடி விழுந்தது. ஒலிபரப்புக் கருவி பழுதாகி நிலையம் ஊமையாயிற்று. முதல்வர் கொடுத்த தவணை முடிய இன்னும் பத்து நாள்களே இருந்தன. அம்மாணவி நம்மைத் தொலைபேசியில் அழைத்து, "அவ்வளவுதான் ஃபாதர், எல்லாம் முடிஞ்சது" என்று அழுதாள். ஆறுதல் கூற நமக்கும் சொல் கிட்டவில்லை.

மூன்றாம் நாள் அவளே மீண்டும் அழைத்தாள். நிலையத்தின் எண்ணுக்கு ஒன்பது பேர் அழைத்து, ஏன் பேசவில்லை என்று கேட்டிருந்தனர். இரண்டு பெண்கள் கல்லூரி வாயிலுக்கே வந்து காவலரிடம், "ரேடியோ ஏனுங்க நின்னு போச்சு? நாளைக்கு எங்க தெருவுக்குத் தண்ணியா இல்லீங்களா?" என்று விசாரித்தனர். காவலருக்கு ஒன்றும் விளங்காமல் அவர்களை முதல்வரிடமே அழைத்துச் சென்றுவிட்டார்.

பதினொரு பேர் என்பது பெரிய எண்ணிக்கை அன்று. ஆனால் ஜனவரியில் அந்நிலையம் ஒரு மாதம் நின்றிருந்தாலும் கேட்க ஒருவர் இருந்திருக்க மாட்டார். முதல்வர் பழுதுபார்க்கப் பணம் ஒதுக்கினார். இடிதாங்கியையும் சீராக்கச் சொன்னார். தவணையை இன்னும் ஓராண்டுக்கு நீட்டினார். ஓராண்டுக்குப் பின் என்னவாகும் என்பது அம்மாணவர்களின் உழைப்பைப் பொறுத்தது. தண்ணீர் அறிவிப்புக்கு வந்தவர்கள் மற்றவற்றையும் கேட்பார்களா என்பது இனிமேல்தான் தெரியும். வைப்பு நிதி பற்றிய நிகழ்ச்சியைப் பலர் கேட்டதாகச் சொல்கின்றனர். இரத்தசோகை பற்றியதை அவ்வளவாக யாரும் கேட்கவில்லையாம். அதனை மாற்றியமைக்க முயல்கின்றனர்.

நம் ஊருக்கு

வாசக அன்பர்களே, உங்கள் மகனோ மகளோ பயிலும் கல்லூரியில் வானொலி இருக்குமாயின், அதன் அலைவரிசை எது என்று கேட்பதோடு நின்றுவிடாதீர்கள். மதிலுக்கு வெளியே உள்ளோர் யாரேனும் அதில் பேசியிருக்கின்றனரா என்றும் கேளுங்கள். அக்கல்லூரிக்கு அருகில் வாழ்பவராயின், நீங்களே ஒருமுறை தொலைபேசியில் அழைத்து, உங்களுக்கு வேண்டியது எது, எந்நேரம் கேட்க இயலும் என்று சொல்லுங்கள். இளைஞர்கள் கேட்கமாட்டார்கள் என்று நாம் குறை கூறுகின்றோம். சொல்வதற்கு ஒருவர் வந்தால் அவர்கள் கேட்கின்றனர் என்பதை நாம் கண்டோம்.

சென்ற மாதம் மடத்துக்குளத்தில் அத்தாயை மீண்டும் சந்தித்தோம். மகளின் குரல் இன்னும் இங்கே எட்டவில்லை, எட்டப் போவதுமில்லை. ஆனால் மகள் நிகழ்ச்சிகளின் பதிவைக் கைபேசிக்கு அனுப்பிவிடுகிறாள். இரவு வேலை முடித்து ஆலை வண்டியில் திரும்பும்போது, காதில் செருகிக்கொண்டு கேட்டபடி வருகிறாராம். அருகில் அமரும் தோழியர்க்கும் ஒரு காதைக் கொடுப்பதுண்டாம்.

"எந்த நிகழ்ச்சி பிடித்திருந்தது?" என்று கேட்டோம்.

"தண்ணி விடற சேதிதானுங்க சாமி. அந்த ஊரே எங்கிருக்குதுன்னு எனக்குத் தெரியாது. ஆனா நாளைக்கு உனக்குத் தண்ணி வரும்னு ஒரு புள்ள சொல்றது கேக்க நல்லாருக்குதுங்க" என்றார். சற்று நேரம் கழித்து, "நம்ம ஊருக்கும் அப்படிச் சொல்றதுக்கு ஒரு ரேடியோ வருமுங்களா?" என்று கேட்டார்.

அமராவதியில் எப்போது தண்ணீர் திறப்பர், கரும்பு வெட்டு எப்போது, ஆலை வண்டி எத்தனை மணிக்கு என்று பேசுவதற்கு நம் பகுதியிலும் பொருள் நிறைய உண்டு. உரிமை கேட்கச் சட்டமும் உண்டு. அவருடைய கேள்விக்கு நாம் இன்னும் விடை சொல்லவில்லை.